சாவுக் காட்சிக்குப் பின் ஒரு சிரிப்பு

காலை ஐந்து மணி நாற்பது. கல்லிடைக்குறிச்சியில் படப்பிடிப்புக்கு எடுத்திருந்த வீட்டின் முன்னால் ஆட்டோவை விட்டு இறங்கியதும் நான் முதலில் பார்த்தது ஒரு பாடை. பச்சை மூங்கிலும் தென்னங்கீற்றும் வைத்து முந்தின நாளே கட்டிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அன்றைக்கு அதில் படுக்க வேண்டிய நடிகை கோமதி காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அளவு பாத்துட்டேம்ளா," என்றார் என்னைக் கண்டதும். "காலு வெளிய நீட்டும். ரெண்டு விரக்கட கூட்டிக் கட்டச் சொல்லு."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறீர்கள். ஆள் வரவில்லை, வெளிச்சம் போகிறது, இயக்குநர் கத்துகிறார், அந்த நேரத்தில் எப்படி முடிவெடுப்பது? இதற்கு என்னிடம் பொதுவான பதில் எதுவும் இல்லை. அந்தப் பாடை சாய்ந்திருந்த நாள் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

என்னுடைய வேலை உங்களுக்குத் தெரியும். அம்பாசமுத்திரம், களக்காடு, பாபநாசம் என்று இந்த ஆற்றோரத்தில் எங்கே படம் எடுத்தாலும் வீடு பார்த்துக் கொடுப்பது, அனுமதி வாங்குவது, ஆள் பிடித்துக் கொடுப்பது. அதற்கு முன்னால் ஒரு நாளிதழுக்குத் திருநெல்வேலியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் நான் கவனித்த ஒன்று, இந்த வேலையிலும் மாறவில்லை. அறுபது வயது ஆண் பேருந்தில் அடிபட்டால் விவசாயி என்றோ, வியாபாரி என்றோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றோ செய்தியில் வரும். அதே வயதுப் பெண் அடிபட்டால் மூதாட்டி. அவர் முப்பது வருடம் பீடி சுற்றியிருக்கலாம், நாற்று நட்டிருக்கலாம், பள்ளிக்கூடம் நடத்தியிருக்கலாம். நான் தொழிலை எழுதி அனுப்புவேன். அச்சில் மூதாட்டி என்று திரும்பி வரும்.

சினிமாவுக்கு வந்தபோது அந்தச் சொல்லுக்குப் பதில் வேறொரு சொல் கிடைத்தது. "அக்கா, ஒரு அம்மா வேணும்." இவ்வளவுதான் போனில் கேட்பார்கள். என்ன வயது, என்ன வேலை, என்ன குணம் என்று கேட்டால் எதிர்முனையில் பக்கத்திலிருக்கும் யாரையோ கேட்பார்கள். பிறகு, "ஹீரோவோட அம்மாக்கா" என்பார்கள்.

ஒரு முறை களக்காட்டுப் பக்கமிருந்து சில பெண்களை அழைத்துப் போனேன். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், வயல் வேலை செய்கிறவர்கள். படத்தில் முகம் தெரியப் போகிறது என்று இருப்பதிலேயே நல்ல சேலையாகக் கட்டி, தலைக்குச் சாயம் அடித்து, கைப்பேசியை ஜாக்கெட்டுக்குள் செருகி வந்திருந்தார்கள். உதவி இயக்குநர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கிராமத்துப் பொம்பளைங்க மாதிரியே இல்லையே மேடம்."

அது அவர்கள் காதில் விழுந்துவிட்டது. "கிராமத்துலதானய்யா இருக்கோம்," என்றார் அவர்களில் ஒருவர். "வேற எங்கன இருக்கோம்?"

உடைகளுக்குப் பொறுப்பானவர் சாயம் போன கிழிசல் சேலைகளைக் கொண்டுவந்து போட்டார். அதில் ஒன்றை அந்தப் பெண் விரித்துப் பார்த்தார். "எங்க தொழுவுல சாணி அள்ளுதப்பக்கூட இதைக் கட்டமாட்டோம். சரி, என்ன செய்யணும் நாங்க?"

"கதாநாயகன் ஊருக்குத் திரும்பி வர்றார். நீங்க பார்த்து அழறீங்க."

"வந்தா சந்தோசம்லா? அழுவானேன்?"

உதவி இயக்குநர் கையைத் தட்டி எல்லோரையும் இடத்தில் நிற்கச் சொன்னார். அவர்கள் அழுதார்கள். நன்றாகவே அழுதார்கள். திரும்பி வரும் வழியில் வேனில் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் படம் பிடிக்க அங்கே யாரும் இல்லை.

இனி கோமதி.

அவர் கல்லிடைக்குறிச்சிக்காரர். இளம் வயதில் நாடகத்துக்கும் பிறகு சினிமாவுக்கும் சென்னை போனவர். முதல் முதலாக அம்மாவாக நடித்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. மகனாக நடித்தவருக்கு அதைவிடக் கூடுதல். "அண்ணேம்னு கூப்பிட்டுப் பழகுன ஆளு. ஷாட்டுல எம் மடியில வந்து படுத்தாரு. எனக்குத் தொடை மரத்துப்போச்சு," என்பார். அதற்குப் பிறகு அவர் அம்மா மட்டும்தான். மாரடைப்பில் செத்தார். லாரி மோதிச் செத்தார். வில்லனின் ஆட்கள் தள்ளிவிட்டுச் செத்தார். கதாநாயகனுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் அம்மா சாகவேண்டும், அதுதான் வாய்ப்பாடு. சில டிவி தொடர்களில் அந்தச் சாவும் கிடையாது. முதல் காட்சியிலேயே சுவரில் மாலை போட்ட படமாகத் தொங்குவார்.

"எனக்குன்னு ஒரு சாவு வந்ததே இல்லளா," என்று ஒரு முறை சொன்னார். "அத்தனையும் அவனுக்காகச் செத்ததுதான்."

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் இனிப் பார்ப்பீர்கள். நம் படப்பிடிப்புகளில் யாராவது பிணமாக நடித்தால், காட்சி முடிந்ததும் கேமராவை நிறுத்தமாட்டார்கள். படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுத்த பிறகுதான் நிறுத்துவார்கள். பிறகு எலுமிச்சையோ பூசணியோ சுற்றிப் போடுவார்கள். செத்த கோலத்தோடு கேமரா நின்றுவிடக் கூடாது என்பது நம்பிக்கை. சிரிப்பு ஷாட் என்று பெயர். படத்தில் அது வராது. எடிட்டர் முதலில் தூக்கிப் போடுவது அதைத்தான். எத்தனையோ படங்களில் கோமதி நடித்ததில் அவர் சிரிக்கும் காட்சிகள் இவை மட்டும்தான் என்பதும், அவை எல்லாம் குப்பைக்குப் போயின என்பதும் எனக்கே வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

இந்தப் படத்துக்கு அவர் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. இயக்குநர் இளைஞர், அவருக்கு அது இரண்டாவது படம். கதை சொல்லும்போது ஒரு காட்சி சொல்லியிருந்தார். மகன் வேலைக்கு வெளியூர் போய்விடுகிறான். அம்மா தனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிடுகிறாள். பிறகு ஆற்றுக்குப் போய், நடு ஆற்றுப் பாறை வரைக்கும் நீந்துகிறாள். பாறையில் உட்கார்ந்து எதையோ நினைத்துத் தனியாகச் சிரிக்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

"எதை நினைச்சுத் தம்பி சிரிக்கணும்?" என்று கோமதி கேட்டிருக்கிறார்.

"அது உங்க இஷ்டம்மா," என்றாராம் இயக்குநர்.

இதை என்னிடம் போனில் சொன்னபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "உங்க இஷ்டம்னு ஒரு டைரக்டர் சொல்லி இப்பந்தாம்ளா கேக்கேன். ஒரு சீனு போதும். அதுவும் நம்ம ஆத்துல. நான் வாரேன்."

பாடை நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் இயக்குநர் என்னைத் தேடி வந்தார். கதாநாயகனின் தேதிகளில் ஒரு நாள் குறைந்துவிட்டது. நாளைக்கே இங்கே சாவுக் காட்சியை முடித்து, பாபநாசம் போய் மாலை வெயிலில் கதாநாயகன் அஸ்தி கரைக்கும் காட்சியையும் எடுத்து, குழு கிளம்பிவிட வேண்டும். மறுநாள் காலையில் எடுப்பதாக இருந்த நீச்சல் காட்சி இல்லை. "அது இல்லாமலே கதை நிக்குதுக்கா," என்றார். அவருக்கும் வருத்தம்தான். "நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க. உங்க ஊர்க்காரங்க."

"சொல்லவேண்டியது நீங்க," என்றேன். அவர் சொல்லவில்லை.

அஸ்தி விஷயத்தையும் அப்போதே சொன்னேன். இந்தப் பக்கத்தில் யாரும் சாயங்காலம் அஸ்தி கரைக்க மாட்டார்கள், காலையில்தான். கதாநாயகன் விடியற்காலையில் எழுந்திருக்கமாட்டார் என்று அவருடைய மேலாளர் சொல்லியிருந்ததால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஆக, அந்த ஐந்து நாற்பதுக்குக் கோமதிக்கு ஒன்றும் தெரியாது.

"இன்னைக்குச் செத்துட்டு நாளைக்குக் காலைல ஆத்துல நீந்தணும். நல்ல கூத்துதான்," என்று காபியை ஆற்றினார்.

நீச்சல் காட்சி இல்லை என்று நான் அங்கேயே சொன்னேன். கெட்ட செய்தியை ஒப்பனைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். ஒப்பனை போட்ட பிறகு சொன்னால் அழக்கூட அவர்களுக்கு உரிமை இருக்காது. கோமதி டம்ளரைக் கீழே வைத்தார். தெருவில் ஒருவர் சைக்கிளில் பால் கொண்டு போனார். அவர் முனை திரும்பும் வரை கோமதி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாடைய நீட்டச் சொன்னியா?" என்றார்.

சாவுக் காட்சி மதியத்துக்கு மேல்தான் தொடங்கியது. பொதிகைப் பக்கம் மேகம் ஏறுவதும் விலகுவதுமாக இருந்தது. கோமதியின் சாயம் அடித்த கூந்தலை வெள்ளைப் பொடியால் மூடி, நெற்றியில் காசு வைத்து, தாடையைச் சுற்றித் துணி கட்டி, கூடத்தில் கிடத்தினார்கள். கதாநாயகன் நன்றாக நடித்தார். தெருப் பெண்கள் சொல்லிக்கொடுக்காமலே ஒப்பாரி வைத்தார்கள். கூட்டத்தின் பின்னால் கோமதியின் அக்கா ஆவுடை நின்றிருந்தார். எழுபதை நெருங்குகிறவர், பக்கத்துத் தெரு. பீடித் தட்டை இடுப்பில் இடுக்கியபடி அப்படியே வந்துவிட்டார். தங்கை நடித்த எந்தச் சாவையும் அவர் தியேட்டரில் பார்த்ததில்லை. அம்மா இருமத் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுவார். அன்றைக்குப் போக இடமில்லை.

கடைசி ஷாட், பாடை தெருமுனை திரும்புவது. எடுத்து முடித்ததும் இயக்குநர் வானத்தைப் பார்த்தார். "பேக்கப், பேக்கப். பாபநாசம் போகணும். வெயில் இருக்கு." விளக்குகள் அணைந்தன. கேபிள்களைச் சுருட்டினார்கள். கேமராவை முக்காலியிலிருந்து கழற்றினார்கள். கதாநாயகன் காருக்குப் போனார். பாடையைத் தரையில் இறக்கிவிட்டுத் தூக்கியவர்கள் டீ குடிக்கப் போனார்கள்.

சிரிப்பு ஷாட்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

கோமதி எழவில்லை. தாடைக்கட்டோடு படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவுடை வந்து பாடைக்குப் பக்கத்தில் நின்றார். "என்னளா, எந்திரி. முடிஞ்சிட்டுல்லா?"

"இன்னும் சிரிக்கச் சொல்லலைக்கா."

வழக்கம் என்னவென்று ஆவுடை கேட்டறிந்தார். பிறகு ஜெனரேட்டர் வண்டி எந்த வழியாக வெளியேற வேண்டுமோ அந்த இடத்தில், நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தட்டை மடியில் வைத்து ஒரு இலையை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார்.

இயக்குநர் ஓடிவந்தார். "அம்மா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. நாளைக்குக் காலையில யாரையாவது விட்டு எடுத்துக்கச் சொல்றேன்."

ஆவுடை நிமிரவில்லை. "அப்ப ராத்திரி பூரா செத்தவளை வீட்டுல வச்சுக்கிடச் சொல்லுதியோ?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் ஒளிப்பதிவாளரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கேமராவைத் தோளில் ஏற்றிவிட்டார். ஒரு நிமிட வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

கோமதி எழுந்து உட்கார்ந்தார். கேமராவைப் பார்த்து உதட்டை விரித்தார்.

"இது பல்லு வெளக்குத மாதிரில்லா இருக்கு," என்றார் ஆவுடை.

இரண்டாவது முறை. உதடு பாதியில் மூடிக்கொண்டது. மூன்றாவது முறை அவர் முயலவே இல்லை. "எனக்கு வரலைப்பா," என்றார் இயக்குநரிடம், சென்னைத் தமிழில், மிகவும் மரியாதையாக. "நடிச்சுக் காட்டச் சொன்னா காட்டறேன். அது சிரிப்பு ஷாட் ஆகாது."

நம் ஆட்கள் பல விஷயங்களை நம்பமாட்டார்கள், இதை நம்புவார்கள். பாடை தூக்கியவர்கள் டீ டம்ளரோடு அப்படியே நின்றார்கள். காரிலிருந்து கதாநாயகன் இறங்கி வந்தார். "என்னாச்சு?" என்று கேட்டு, தெரிந்துகொண்டு, கோமதியையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா சிரிக்காம நான் எப்படிக்கா போய் அவங்க சாம்பலைக் கரைக்கிறது?" என்றார் என்னிடம்.

இங்கேதான் நீங்கள் கேட்கும் அந்த இடம். வெளிச்சம் ஒரு காட்சிக்குத்தான் இருந்தது, கேட்பவர்கள் இரண்டு பேர். நான் கோமதியிடம் குனிந்து கேட்டேன். "எங்கன வச்சா சிரிப்பு வரும்க்கா?"

"உனக்குத் தெரியாதாளா?"

தெரியும். நூறடி தள்ளி ஆறு இருந்தது.

இயக்குநரிடம் சொன்னேன். "சிரிப்பு ஷாட்டுக்கு இடம் எது, எவ்வளவு நேரம்னு யாரும் விதி எழுதலை. ஆத்துல எடுங்க. அஸ்தி காலையில கரைக்கட்டும். சாயங்காலம் கரைச்சா திருநெல்வேலியில தியேட்டரே சிரிக்கும், அந்தச் சிரிப்பு உங்களுக்கு வேண்டாம்." கதாநாயகனிடம் திரும்பினேன். "நாலரைக்கு எழுந்தா ஆறு மணிக்குப் படித்துறையில நிக்கலாம். அங்கேருந்து நேரா பிளைட்டுக்குப் போயிடலாம்."

"எழுந்துக்கிறேன்," என்றார் அவர். மேலாளர் ஏதோ சொல்ல வந்தார். கதாநாயகன் திரும்பிப் பார்க்கவில்லை.

இயக்குநருக்கு வேறு பயம். "அக்கா, அணை திறந்திருக்கு. அவங்க வயசுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அந்தக் கேள்வி நியாயமானது. கோமதியிடம் கேட்டால் முடியும் என்றுதான் சொல்வார். எனவே ஆவுடையிடம் கேட்டேன். "இப்பவும் நீந்துவாவளா? தண்ணி வேகமா போவுதே."

"போன பொங்கலுக்கு வந்தப்பவும் பாறைக்குப் போயிட்டு வந்தாளே. வயசெல்லாம் கரையிலதாம்ளா. தண்ணிக்குள்ள அவளுக்கு என்ன வயசு?"

அது எனக்குப் போதுமானதாக இருந்தது. இருந்தாலும் கீழ்ப் படித்துறையில் லாரி டியூபோடு இரண்டு ஆட்களை நிறுத்தினேன். நம்புங்கள், டியூபும் வைத்துக்கொள்ளுங்கள்.

தாடைக்கட்டோடும் நெற்றிக் காசோடும் மாலையோடும் கோமதி தெருவில் நடந்தார். பின்னால் ஆவுடை தட்டோடு, அதற்குப் பின்னால் கேமரா, அதற்குப் பின்னால் தெரு முழுவதும். படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே தண்ணீருக்குள் முங்கினார். வெகுநேரம் மேலே வரவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் மட்டும் அசரவில்லை.

"யக்கா, எந்திரிச்சிட்டியா?"

"எந்திரிச்சிட்டேன். அந்தச் சோப்பைக் கொஞ்சம் குடு."

மாலையைக் கழற்றிப் படியில் வைத்தார். காசை அக்காவிடம் கொடுத்தார். தாடைக்கட்டை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார், அது சுழன்று போனது. முகத்தைக் கழுவினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். இடுப்பளவு வந்ததும் ஒரு முறை மூழ்கினார். எழுந்தபோது தலையிலிருந்த வெள்ளைப் பொடி கரைந்து தோளில் வழிந்துகொண்டிருந்தது. அடியிலிருந்து அவருடைய சொந்தக் கூந்தல் வெளியே வந்தது. களக்காட்டுப் பெண்களைப் போலவே சாயம் அடித்த கறுப்பு.

பிறகு நீந்தினார். தண்ணீர் வேகத்தை எதிர்க்காமல், முதலில் கரையோரமாகவே மேலே போய், அங்கிருந்து அது இழுக்கிற பக்கம் சாய்ந்து பாறைக்கு வந்தார். ஒளிப்பதிவாளர் மூச்சு விடுவதே தெரியவில்லை. இயக்குநர் படியில் உட்கார்ந்துவிட்டார். நிறுத்து என்று சொல்ல வேண்டியவர் அவர், சொல்லவில்லை. மேகம் விலகி, மேற்கிலிருந்து வெயில் ஆற்றின் நீளத்துக்கும் விழுந்தது. கோமதி பாறையில் ஏறி, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்தார். கூந்தலைப் பிழிந்து முன்னால் போட்டுக்கொண்டார். கரையில் இத்தனை பேர் நிற்பது அவர் நினைவில் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. எதையும் செய்யவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவும் இல்லை.

அப்போது ஆவுடை படியிலிருந்து குரல் கொடுத்தார். "ஏட்டி, சேலை கம்பெனிக்காரனுது. ஆத்தோட விட்டுட்டு வந்துராத. பொறவு பாடையிலதான் தூக்கிட்டுப் போகணும்."

கோமதி சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, பாறையில் கையை ஊன்றிக்கொண்டு, சத்தம் கரைக்குக் கேட்கும்படி சிரித்தார். அடங்குகிற சமயத்தில் அக்காவைப் பார்த்தார், மறுபடி தொடங்கியது. கதாநாயகனும் சிரித்துக்கொண்டிருந்தார். முங்கியவரும் மேலே வந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

வெயில் போன பிறகுதான் கேமரா நின்றது. பாபநாசத்தில் மறுநாள் காலை ஆறு மணிக்கு அஸ்தி கரைத்தோம். கதாநாயகன் எனக்கும் முன்பே வந்து நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு என்னிடம் அம்மா கேட்டுப் போன் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினேன். மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் இந்த அம்மா என்ன செய்கிறாள்? நீங்களும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. சிலர் சிரிப்பார்கள், சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். என்னிடமிருந்து அப்படிச் சில படங்கள் போயின. ஒன்றிரண்டு பேர் மட்டும் யோசித்துவிட்டு மறுபடி கூப்பிட்டுப் பதில் சொன்னார்கள். அவர்கள் படங்களில் வேலை செய்த நாட்களைத்தான் இப்போது, வேலை விட்ட பிறகு, அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். காலை இட்லியின் ஆவி, ஜெனரேட்டர் சத்தம், ஒப்பனை முடிந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஐம்பத்தைந்து வயது முகங்கள். அந்த முகங்களுக்கு அன்றைக்கு அழுகை தவிர வேறு வேலையும் இருக்கும். அதனால் சீக்கிரமே வந்துவிடுவார்கள்.

படம் வந்தது. திருநெல்வேலியில் மதியக் காட்சிக்கு ஆவுடையை அழைத்துப் போனேன். நீச்சல் படத்தில் இருக்கிறது என்று இயக்குநர் போனில் சொல்லியிருந்தார். எங்கே என்று சொல்லவில்லை.

படத்தில் அம்மா இருமினாள். ஆவுடை எழுந்திருக்கவில்லை, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா செத்தாள். தியேட்டரில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அஸ்தி கரைந்தது, கதாநாயகனுக்குக் கோபம் வந்தது, அடிக்க வேண்டியவர்களை அடித்தார். படம் முடிந்தது. ஆறு வரவில்லை.

பெயர்கள் ஏறத் தொடங்கின. நம் தியேட்டர்களில் அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விளக்குகள் எரிந்தன. பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். மூன்றரை மணி வெயில் நேரே திரையில் விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்கள் வாசலுக்கு நகர்ந்தார்கள். அந்த வெளுத்த திரையில், பெயர்களுக்கு இடப்பக்கம், தண்ணீர் மாதிரி ஏதோ அசைந்தது. நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். படித்துறை. யாரோ இறங்குகிறார்கள்.

ஆவுடை எழுந்து நின்றார். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, அந்தக் கதவச் சாத்துங்கலே. எந்தங்கச்சி இப்பந்தான் எந்திரிச்சு வாரா."

வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டார்ச் வைத்திருந்த தியேட்டர் ஊழியர் அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு ஒரு பக்கக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, நடந்து வந்து அடுத்ததையும் சாத்தினார். யாரோ விளக்கையும் அணைத்தார்கள். வெளியே போகத் தாமதமான சிலர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பாதி வழி போன ஒரு பெண் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோமதி பாறைக்கு வந்து சேர்ந்தார். பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தபோது ஆவுடையும் சத்தமாகச் சிரித்தார்.

வெளியே வந்ததும் கோமதிக்குப் போன் போட்டேன். எடுத்தது அவருடைய உதவியாளர். கோமதி சென்னையில் ஒரு தொடருக்கான படப்பிடிப்பில் இருந்தார். பாடையில் படுத்திருந்தார்.